அந்த மூன்று செக்கன்: வலைப்பந்து மாணவி ஒருத்தியின் மனக்காட்சிப் பயிற்சி

இந்த ஆய்வில் வரும் பிள்ளைக்கு அப்போது 16 வயது. கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையின் வலைப்பந்து அணியில் கோல் ஷூட்டர். வீடு வெள்ளவத்தையில், மரீன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் தளம். நான் அந்த அணிக்குப் பகுதிநேரப் பயிற்றுவிப்பாளர். பிள்ளையும் தாயும் வாசித்துச் சம்மதித்த பிறகே இதைக் கொடுக்கிறேன். பெயரையும் பாடசாலையையும் விட்டுவிட்டேன். அவளைப் பிள்ளை என்றே எழுதுகிறேன். நேரில் கூப்பிடுவதும் அப்படித்தான்.

"கண்ணை மூடு, பந்து உள்ளே விழுவதை நினை, நம்பிக்கை வரும்" என்று சொல்லிப் பிள்ளைகளை ஆட்டத்துக்கு அனுப்புகிற வழக்கம் நம் மைதானங்களில் நிறைய உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அது இந்தப் பிள்ளைக்குக் கெடுதலாக முடிந்தது. ஏன் அப்படி ஆனது, பிறகு எதை மாற்றினோம் என்பதை விவரமாக எழுதக் காரணம் ஒன்றுதான். மனக்காட்சி என்பது நல்லதை நினைத்துக்கொள்வது அல்ல, ஓர் அசைவை மனதில் செய்து பார்ப்பது. உடற்பயிற்சியைப் போல அதற்கும் நிற்கும் நிலை, நேரக்கணக்கு, அளவு எல்லாம் இருக்கின்றன. பிழையாகச் செய்தால் பிழைதான் பழகும்.

பின்னணி

வலைப்பந்தில் கோல் போட இரண்டு பேருக்குத்தான் உரிமை: கோல் ஷூட்டர், கோல் அட்டாக். வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். கூடைப்பந்தில் உள்ளதுபோல் பின்னால் பலகை இல்லை. பலகையில் தட்டி உள்ளே விழுத்துகிற வழி கிடையாது. 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்று, பந்து கைக்கு வந்து மூன்று செக்கனுக்குள் எறிந்துவிட வேண்டும். தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் கையை முழுதாக நீட்டிப் பந்தை மறிக்கலாம். எட்டிப் பிடிக்கிற உயரமுள்ள பிள்ளை தடுப்பில் நின்றால், எறிபவருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை தொங்கிக்கொண்டே இருக்கும்.

பிள்ளையின் எறிதல் பயிற்சியில் நன்றாகவே இருந்தது. தடுப்பவர் இல்லாமல் 20 பந்து எறிந்தால் 15, 16 உள்ளே விழும். போட்டியில் அதே கைக்குப் பத்துக்கு நான்கு வருவதே பெரும்பாடு. போகாத பந்துகளில் அநேகமானவை வளையத்தின் முன் விளிம்பில் பட்டு அவள் பக்கமே திரும்பி வந்தன. சில தடவை பந்தைப் பிடித்தபடி நின்று, மூன்று செக்கன் தாண்டி, விசில் அடித்துப் பந்து மற்றப் பக்கம் போனது.

இதற்கு முன்கதை ஒன்று இருந்தது. அதற்கு முந்திய தவணையில் ஒரு போட்டியில், புள்ளிகள் சமமாக இருந்த கடைசி நிமிடத்தில், அவள் எறிந்த பந்து வெளியே போனது. கோட்டுக்கு வெளியில் நின்ற பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். என்ன சொன்னார் என்று பிள்ளை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அந்த இடம் வேறு வழியில் எங்கள் முன்னால் வந்தது.

இன்னொரு பிரச்சினை மழை. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் காலை பளிச்சென்று விடியும். பிற்பகல் ஆனதும் வானம் கறுத்து இடியோடு கொட்டும். எங்கள் பயிற்சி நேரமும் அதுதான். தார் போட்ட ஆடுகளம் நனைந்தால் வழுக்கும், பிள்ளைகளை விட முடியாது. கிழமையில் நான்கு நாள் பயிற்சி என்று போட்டால் இரண்டு நாள்தான் கிடைத்தது. மனக்காட்சியைக் கையில் எடுத்ததற்கு உடனடிக் காரணம் இந்த மழைதான்.

முதல் முயற்சி

நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: இரவில் படுக்கையில் படுத்து, கண்ணை மூடி, பந்து வளையத்துக்குள் விழுவதைப் பத்துத் தடவை பார். பார்வையாளர் கைதட்டுவதையும் கேள். பத்து நாள் கழித்து விறாந்தையில் என்னைப் பிடித்தாள்.

"மிஸ், கண்ணை மூடினா பந்து வளையத்தில பட்டு வெளியாலதான் போகுது. உள்ளுக்குப் போடுவம் எண்டு எத்தினை தரம் பாத்தாலும் போகுதில்லை."

"வெளியால போறதை நினைக்காதை, பிள்ளை" என்று சொன்னேன். அது இரண்டாவது பிழை. அந்தக் கிழமை நட்புப் போட்டியில் அவள் எறிந்தது முன்பைவிட மோசமாக இருந்தது.

இது அவளுடைய மனப்பலவீனம் அல்ல. 1985 இல் வுல்ஃபோக்கும் கூட்டாளிகளும் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டுகிறவர்களை வைத்துப் பார்த்தார்கள். பந்து குழிக்குள் போவதைக் கற்பனை செய்தவர்கள் முன்னேறினார்கள். கடைசி நேரத்தில் விலகிப் போவதைக் கற்பனை செய்தவர்கள் பின்னடைந்தார்கள். 2001 இல் சியன் பெய்லொக்கும் கூட்டாளிகளும் அடுத்த படியைக் காட்டினார்கள்: தவறும் காட்சியை நினைக்காமல் அடக்கப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கெடுக்கிறது. ஆக, பத்து நாளாக ஒரு பிள்ளை ஒவ்வொரு இரவும் பந்தை வெளியே எறிந்து பழகியிருக்கிறாள். அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவள் நான். பயிற்றுவிப்பாளர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மனக்காட்சி கொடுத்தால், மறுநாளே அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

படிக்கட்டில் ஒரு மணித்தியாலம்

அடுத்த மழை நாளில் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் மேல் மாடிக்குப் போகிற படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவள் மடியில் பந்து, என் கையில் ஸ்டொப்வொட்ச். எதையும் திருத்த வேண்டாம், வருகிற படத்தை அப்படியே சொல்லு என்றேன். நான்கு கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி, எங்கே இருந்து பார்க்கிறாய்? பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. தன்னையே வெளியில் இருந்து பார்ப்பதாகச் சொன்னாள். வெளியில் என்றால் எங்கே? "கோட்டுக்கு அங்கால, அந்தப் பக்கம்." கையால் காட்டினாள். கத்தியவர் அன்று நின்ற பக்கம் அது. அவள் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. பத்து நாளும் அவருடைய இடத்தில் நின்றுதான் தன்னைப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது, எவ்வளவு நேரம் எடுக்கிறது? பந்து கைக்கு வந்ததும் "ம்" என்று ஒரு தரம், விட்டதும் "ம்" என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். மூன்று முறை அளந்தேன். எல்லாமே ஒன்பது செக்கனுக்குக் கிட்ட. உண்மையில் அவள் எறிய இரண்டு செக்கன் போதும். மனதில் ஒன்பது செக்கன் எடுத்துப் பழகிய பிள்ளை ஆட்டத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாவது, கையில் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. அது படம் மட்டும்தான். பாரமும் இல்லை, பந்தின் தோலும் இல்லை.

நான்காவது, கண் எங்கே? இதற்கு உடனே பதில் வந்தது. "கீப்பர்ட கையில, மிஸ்."

நான் ஸ்டொப்வொட்சைக் கீழே வைத்துவிட்டேன். முன் விளிம்பில் படுகிற பந்துக்கெல்லாம் விளக்கம் அந்த ஒரு வரியில் இருந்தது. போட்டியில் அவள் வளையத்தைப் பார்க்கவில்லை, தடுக்கிற கையைப் பார்த்துத்தான் எறிந்தாள். கண் நின்ற இடத்துக்கு ஏற்ப பந்து குட்டையாக விழுந்தது. ஜோன் விக்கர்ஸ் 1996 இல் கூடைப்பந்தின் தனி எறிதலை வைத்துச் செய்த ஆய்வு இங்கே பொருந்துகிறது. தேர்ந்தவர்கள் எறிவதற்கு முன் வளையத்தில் ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்துகிறார்கள். மற்றவர்களைவிட முன்னதாகவே நிறுத்தி, அதிக நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளையின் கண் அந்தப் புள்ளிக்குப் போகவே இல்லை. ஆறு மாதமாகக் கோட்டோரம் நின்று அவளுடைய முழங்கையையும் பாதத்தையும் திருத்திக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. கோட்டோரத்தில் இருந்து கண் தெரியாது. அவளுடைய மனப்படத்தைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

மனதில் செய்தால் உடம்புக்கு என்ன

திட்டத்துக்குப் போக முன், இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்மண்ட் ஜேக்கப்சன் 1930 களிலேயே, கையை அசைப்பதாக நினைக்கும்போது அந்தத் தசையில் சிறு மின்னசைவு எழுவதைப் பதிவு செய்தார். 1992 இல் யூ, கோல் என்ற இருவர் சுண்டுவிரலை வைத்துச் சோதித்தார்கள். நான்கு கிழமை உண்மையாகப் பயிற்சி செய்தவர்களின் விரல் வலிமை 30 சதவீதம் கூடியது. விரலை அசைக்காமல் முழுப் பலத்தோடு அழுத்துவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம். அந்த அளவு நாளில் தசை பெருத்திருக்க வழியில்லை, மூளை தசைக்கு அனுப்புகிற கட்டளைதான் பலப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது 1995 இல் பஸ்குவல்-லியோன் குழு செய்த பியானோப் பரிசோதனை. பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பாடம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு குழு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வாசித்தது. இன்னொரு குழு அதே நேரம் பியானோ முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல் மனதில் வாசித்தது. விரலுக்கான மூளைப்பகுதி இரண்டு குழுவிலும் விரிந்தது. வாசிப்பின் தரத்தில் மனதில் வாசித்தவர்கள் ஐந்தாம் நாளில் நின்ற இடம், மற்றவர்கள் மூன்றாம் நாளில் நின்ற இடம். ஆனால் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை உண்மையாகப் பயிற்சி கொடுத்ததும் அவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். மழையில் இரண்டு நாள் பறிபோகிற பயிற்றுவிப்பாளருக்கு இந்தக் கடைசி விவரம் எவ்வளவு தெம்பு தரும் என்று சொல்லத் தேவையில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். ஃபெல்ட்ஸ், லாண்டர்ஸ் இருவரும் 1983 இல் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனப்பயிற்சி ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடத் தெளிவாக நல்லது என்று கண்டார்கள், விளைவு நடுத்தரம். 1994 இல் டிரிஸ்கெல், கொப்பர், மோரன் மூவரும் மறுபடி தொகுத்தபோதும் அதே முடிவு. உண்மைப் பயிற்சிக்கு அது ஈடாகாது, இடைவெளி விட்டால் பலன் தேய்கிறது, நீட்டி நீட்டிச் செய்வதில் இலாபமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆகவே பந்தை வீட்டில் வைத்துவிட்டு மனதில் மட்டும் எறிந்து தேசிய மட்டத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

திட்டம்

போல் ஹோம்ஸ், டேவ் கொலின்ஸ் இருவரும் 2001 இல் வகுத்த ஏழு அம்ச முறை ஒன்று உண்டு. மனதில் செய்வது உண்மையில் செய்வதற்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு பலன் என்பது அதன் அடிப்படை. உடல்நிலை, சூழல், செய்யும் வேலை, நேரம், கற்றல், உணர்ச்சி, பார்க்கும் கோணம் என ஏழையும் சரிபார்க்கச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு உடல்நிலை, நேரம், கோணம் மூன்றையும் முதலில் எடுத்தேன். மிச்சம் போகப் போக வந்தது.

படுக்கை வேண்டாம் என்றேன். எழுந்து நின்று செய்ய வேண்டும், விளையாட்டுச் சப்பாத்துப் போட்டு, பந்தைக் கையில் பிடித்து. அவளுடைய வீட்டில் கடல் பக்கம் ஒரு சின்ன பல்கனி இருக்கிறது. கம்பியில் உடுப்புக் காயும், கீழே கரையோர ரயில் போகும். அங்கே நின்று எதிர்த் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கியின் விளிம்பை வளையத்தின் பின் விளிம்பாக வைத்துக்கொண்டாள். ஏறக்குறைய அதே ஏற்றக் கோணம். கண் திறந்தபடிதான். கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள்.

சொற்களை நான் எழுதிக் கொடுக்கவில்லை. நன்றாக எறிந்த பந்து ஒன்றுக்குப் பிறகு, "இப்ப கையில என்ன தெரிஞ்சது?" என்று கேட்டு, அவள் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினேன். பிறகு அதை அவளே ஃபோனில் பேசிப் பதிவு செய்தாள்:

"சப்பாத்து ரெண்டும் நிலத்தில அழுத்தமா நிக்குது. பந்து வருது, டப். விரல் நுனியில சொரசொரப்பு. கண் பின் விளிம்பில. முழங்கால் மடியுது, நிமிருது, மணிக்கட்டு. விட்டாச்சு."

"டப்" என்பதிலிருந்து "விட்டாச்சு" வரை இரண்டரைச் செக்கன். முதலில் ஐந்து செக்கன் வந்தது. சொல்லைக் குறைத்துக் குறைத்து இந்த அளவுக்குக் கொண்டுவர மூன்று நாள் எடுத்தது. மெதுவான ஓட்டத்தில் கற்பனை செய்தால் நுட்பம் விளங்கும் என்று சிலர் சொல்வார்கள். புதிதாக ஓர் அசைவைக் கற்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். மூன்று செக்கன் விதிக்குள் விளையாடுகிற பிள்ளைக்கு நான் அதை அனுமதிக்க மாட்டேன்.

பதிவில் பந்து உள்ளே விழுவதும் இல்லை, கைதட்டலும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். தெரிந்தேதான் விட்டோம். முடிவைப் பார்க்கப் போகும்போதுதான் அவளுக்குப் பந்து வெளியே போகிறது. கையில் இருந்து பந்து கிளம்பும்வரைதான் அவளுடைய வேலை. அதுவரை பார்த்தால் போதும்.

யாரைப் பார்த்துப் பழகுவது என்பதிலும் ஒரு திருத்தம் செய்தோம். தமிழ்ப் பிள்ளைகள் வலைப்பந்து விளையாடினால் தர்ஜினி சிவலிங்கத்தின் காணொளியைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து போய் இலங்கை அணிக்கு விளையாடி, 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர். எங்கள் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் பார்த்தாள். ஊக்கத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் தர்ஜினியின் உயரம் 2.08 மீற்றர். தடுக்கிற கைக்கு மேலே அவருடைய பந்து ஏற்கெனவே இருக்கும், அப்படியே வைத்துவிடலாம். அவரை விட முழுசாக ஒரு முழம் குறைவான பிள்ளை அந்தப் படத்தை மனதில் ஓட்டினால் கைக்குத் தப்பான வளைவு பழகும். அதனால் அவள் எறிந்த நல்ல பந்துகளையே அவளுக்குப் பின்னால் நின்று, அவளுடைய தலை உயரத்தில் ஃபோனைப் பிடித்து எடுத்தேன். எட்டுப் பந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளி. தினமும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பல்கனியில் தொடங்குவாள்.

அளவு: காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம். ஆடுகளம் காய்ந்திருந்தால் மனதில் ஒன்று, கையால் ஒன்று என்று மாறி மாறி.

நடந்தது

முதல் கிழமை பார்க்கும் கோணம் மாறவே இல்லை. தொடங்கும்போது உள்ளே இருந்து பார்ப்பாள், பந்து வந்ததும் கோட்டுக்கு அங்கால் போய்விடுவாள். கையில் உண்மையான பந்து இருந்ததுதான் கடைசியில் உதவியது. விரல் நுனியைக் கவனிக்கச் சொன்னால், விரல் இருக்கிற இடத்துக்கு அவளும் வர வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: "மிஸ் இண்டைக்கு வெளியால போகேல்ல."

இரண்டாம் கிழமை முடிவில் தாய் என்னைத் தேடி வந்தார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "மிஸ், குறை நினைக்காதீங்கோ. டியூஷன் முடிஞ்சு வந்தா பல்கனியில நிண்டு சுவரைப் பாக்கிறாள். இதெல்லாம் இப்ப வேணுமா?" கேட்டது நியாயம். நான் தப்பிக்கப் பார்க்காமல், பரீட்சைக்கும் இதே முறை உதவும் என்பதைச் சொன்னேன். ஃபாம், டெய்லர் இருவரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்கு முன் மாணவர்களில் ஒரு பகுதியினர் நல்ல புள்ளி வாங்குவதைக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பகுதியினர் தாங்கள் உட்கார்ந்து படிக்கிற விதத்தை, எங்கே, எப்போது, எந்தக் கொப்பி என்று கற்பனை செய்தார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் கூடுதலாகப் படித்துக் கூடுதல் புள்ளியும் எடுத்தார்கள். தாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கணக்குக்கும் ஒருக்கா சொல்லிக் குடுங்கோ" என்றார். அன்றிலிருந்து நேரக்கட்டுப்பாட்டை அவரே பார்த்துக்கொண்டார். அது எனக்குப் பெரிய உதவி.

ஏனென்றால் நடுவில் பிள்ளை அளவு மீறிவிட்டாள். போட்டிக்கு முந்திய இரவுகளில் பதினொரு மணிவரை பதிவைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள், நித்திரை கெட்டது, காலையில் கண் சிவந்து வந்தாள். கூடச் செய்தால் கூடப் பலன் என்று நினைக்கிற வயது. இரவு எட்டு மணிக்குப் பிறகு பதிவு கிடையாது என்று தாயோடு சேர்ந்து முடிவெடுத்தோம்.

நான்காம் கிழமையில்தான் தவறும் பந்தை எடுத்தோம். வேண்டுமென்றே இவ்வளவு நாள் தள்ளி வைத்திருந்தேன். எந்த ஷூட்டரும் தவறாமல் எறிய முடியாது. தவறியதும் திரும்பி வருகிற பந்துக்கு முதலில் பாய்வதும் அவருடைய வேலைதான். அதனால் புதிதாக ஒரு பதிவு: "முன் விளிம்பு. டக். ரெண்டு கையும் மேல. பிடிச்சாச்சு. சப்பாத்து, கண், பின் விளிம்பு." முன்பு அவளை முடக்கிய அதே படம்தான், ஆனால் படம் அங்கே நிற்காமல் ஓடியது. இது வேலை செய்யும் என்று எனக்கு உறுதி இருக்கவில்லை. அவள் செய்து முடித்துவிட்டுச் சிரித்தாள். "இது லேசு மிஸ், இதுக்கு நான் ஓடவேணும்" என்றாள். ஓடுகிற வேலை இருந்ததும் பயப்பட நேரம் இருக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கையும் அதில் உள்ள சந்தேகங்களும்

ஆறு கிழமைக்குப் பிறகு நடந்த போட்டிகளில் பத்துக்கு ஆறு, ஏழு விழுந்தது. மூன்று செக்கன் விசில் அவளுக்கு எதிராக ஒரு தடவைதான் வந்தது. பயிற்சியில் 20 க்கு 16, சில நாள் 17. பயிற்சியில் கூடியது கொஞ்சம், போட்டியில் கூடியது நிறைய என்பதைப் பார்க்கும்போது, இந்த முறை அவளுக்குப் புதிய திறமை ஒன்றும் கொடுக்கவில்லை என்றே சொல்வேன். ஏற்கெனவே கையில் இருந்ததை ஆட்டத்துக்குள் கொண்டுபோக விட்டது.

ஆனால் இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. ஒப்பிட வேறு குழு இல்லை. அதே ஆறு கிழமையில் மற்றவையும் மாறின. கோல் அட்டாக் விளையாடிய பிள்ளை பந்தை வளையத்துக்குக் கிட்டக் கொடுக்கப் பழகியிருந்தாள். கிட்ட நின்று எறிந்தால் விழத்தான் செய்யும். ஒரு போட்டியில் மற்றப் பக்கத்து உயரமான கோல் கீப்பர் வரவில்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்ததே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. கண்ணை மட்டும் தனியாகச் சொல்லலாம்: பின் விளிம்பைப் பார்க்கத் தொடங்கிய கிழமையிலேயே பந்து முன் விளிம்பில் படுவது குறைந்தது. அது நேரடியாகத் தெரிந்த மாற்றம்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே பதிவைக் கொடுக்க முடியாது என்பதையும் அதே அணியில் கண்டேன். விங் அட்டாக், அதாவது கோல் போடுபவர்களுக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் விளையாடும் பிள்ளையிடம் என்ன தெரிகிறது என்று கேட்டால், "ஒண்டும் தெரியேல்லை மிஸ், இருட்டுத்தான்" என்றாள். பொய்யும் இல்லை, சோம்பலும் இல்லை. மனதில் படமே வராதவர்கள் உண்டு என்பதை 1880 இலேயே ஃபிரான்சிஸ் கோல்டன், காலைச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது கண்டார். 2015 இல் அடம் சீமன் குழுதான் அந்த நிலைக்கு அஃபண்டேசியா என்று பெயர் வைத்தது. அந்தப் பிள்ளைக்குப் படம் வராவிட்டாலும் தாளம் வருகிறது. கால் வைக்கிற ஒழுங்கைத் "தக திமி" என்று சொல்லிச் சொல்லி, உடம்பில் உணர்ந்து செய்கிறாள். பரதம் படிக்கிற பிள்ளை அவள். "நல்லாக் கண்ணை மூடிப் பார்" என்று அவளை நெருக்கியிருந்தால் தன்னில் ஏதோ குறை என்று நினைத்திருப்பாள்.

பிறகு

பரீட்சைக்காக இரண்டு மாதம் ஒரு பந்துகூட எறியவில்லை. பல்கனிப் பயிற்சியை மட்டும் கிழமையில் மூன்று நாள் விடாமல் செய்ததாகத் தாயும் சொன்னார். திரும்பி வந்த முதல் நாள் 20 க்கு ஒன்பது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அது எதிர்பார்த்ததுதான். இரண்டு மாதம் கை பந்தை உண்மையாக எறியாமல் இருந்திருக்கிறது. ஆனால் ஸ்டொப்வொட்சில் நேரம் இரண்டரையில் அசையாமல் நின்றது, கண்ணும் பின் விளிம்பில் நின்றது. ஒன்றரைக் கிழமையில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டாள்.

அந்த இடைவெளிக்குப் பிறகு அவளுடைய கால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினோம், பந்து இன்னும் உயரப் போகட்டும் என்று. நான் பதிவைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். "பழைய பதிவு இப்ப சரிவருதில்லை மிஸ். முழங்கால் மடியிற இடம் வேற." ஏழு அம்சத்தில் கற்றல் என்பது இதுதான்: உடம்பு மாறினால் மனதில் ஓடுவதையும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். பல்கனியில் நின்று பேசிப் பதிவு செய்தாள். நான்காவது தடவை சரியாக வந்தது, ஆனால் நடுவில் கீழே ரயில் போன சத்தமும் விழுந்திருந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எடுப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மிஸ். கிரவுண்டிலயும் சத்தம்தானே."